செம்புக்கள்ளன்

வாய்க்கால் திருத்த வந்தவர்கள் கரைக்கட்டை மட்டமாக்கிவிட்டுப் போன அன்றைக்கு, ஊரெல்லாம் நல்ல வேலை என்று சொன்னது. விமலேஸ்வரிக்கு மட்டும் அது கெடுதலாகப் பட்டது. உருத்திரபுரத்தில் அந்த ஒரு மேடு இருந்தபடியால்தான் அவளுடைய வீட்டுப் பழைய உழவு மெசின், அந்த நாலு சில்லு ட்ரக்டர், இத்தனை வருசமும் உழுதுகொண்டிருந்தது.

சாவி போட்டால் எழும்பாத மெசின் அது. பின்னேரம் வேலை முடிந்ததும் அவளுடைய மனிசன் ஏரம்பு அதை வாய்க்கால் கரைக்கட்டில் ஏற்றி, மூக்குக் கீழே பார்க்க நிறுத்தி, முன்சில்லுக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு வருவார். விடிந்ததும் அவர் மேலே ஏறியிருந்து கியரைப் போட்டுக் கிளச்சை மிதிப்பார். அவள் கல்லை இழுத்தெடுத்துவிட்டுப் பின்னுக்கு ஓடிப்போய்த் தள்ளுவாள். மெசின் உருண்டு, இழுபட்டு, இரண்டு தரம் இருமிப் பற்றிக்கொள்ளும். அவளுடைய முகம் முழுக்கப் புகை. மெசின் கையில் இல்லாத காலம் போக, இதுதான் இருபத்தெட்டு வருசமாக அவளுடைய காலை வேளை. தேத்தண்ணிகூட அதற்குப் பிறகுதான்.

ஒரு பற்றரி வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. போட்டுப் பார்த்தார்கள். புதுப் பற்றரி மூன்று நாள் துள்ளும். நாலாம் நாள் செத்துவிடும். மெசினில் இருக்கிற டைனமோதான் ஓடஓடப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றவேண்டும். அந்த டைனமோ ஏற்றவில்லை. அது ஏன் ஏற்றவில்லை என்று கேட்டால் ஏரம்புவின் முகம் மாறும். வேறு ஆளைத் திறந்து பார்க்கவும் விடமாட்டார். ஒரு சொல்தான் சொல்வார்.

"செம்புக்கள்ளன்."

அவர் சொல்வது விமலேஸ்வரியின் சொந்த அண்ணனை. ஐயாத்துரை அண்ணை ஒரு காலத்தில் உருத்திரபுரம் சந்தியில் மோட்டருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர். தொண்ணூற்றாறில், சண்டைக்குப் பயந்து ஊரே ஓடுவதற்கு முதல் நாள், அந்த டைனமோவைப் புதிதாகச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டினவர் அவர்தான். ஓடிப்போய் மல்லாவியில் ஒரு மரத்துக்குக் கீழே ஒதுங்கி ஒரு கிழமை ஆகவில்லை, டைனமோ வேலைசெய்யவில்லை. அந்த நேரம் வன்னிக்குள் செம்புக் கம்பி என்றால் பவுண். பற்றரிக்கும் தடை, கம்பிக்கும் தடை. மச்சான் நல்ல செம்பை எடுத்துக்கொண்டு எங்கேயோ பொறுக்கின கழிவுக் கம்பியைச் சுற்றித் தந்துவிட்டான் என்று ஏரம்பு முடிவெடுத்தார். அவர் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அங்கே மரத்துக்கு மரம் போய்ச் சொன்னார். "செம்பெடுத்துப் போட்டான்" என்ற கதை மூன்றாவது மரத்துக்குப் போகும்போது, ஐயாத்துரை தங்கச்சி வீட்டுக் குசினிக்குள் பூந்து தண்ணிச் செம்பைத் தூக்கிக்கொண்டு போனதாக மாறிவிட்டது.

பிள்ளைகளும் அப்படித்தான் விளங்கி வளர்ந்தார்கள். மூத்தவள் கஜேந்தினிக்கு எட்டு வயது இருக்கும், வற்றாப்பளைப் பொங்கலில் சனத்துக்குள்ளே மாமனைக் கண்டாள். நேரே போய், "மாமா, எங்கடை செம்பைத் தாங்கோ" என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஐயாத்துரை அண்ணை கையிலிருந்த கச்சான் கடலைச் சரையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கம்பி எடுத்தான் என்பது தொழில் செய்கிறவன் கேட்கக்கூடிய பேச்சு. தங்கச்சி வீட்டில் செம்பு தூக்கினான் என்பதை எந்த மனிசன் தாங்குவான். அதற்குப் பிறகு அவர் அவர்களுடைய படலையைத் திறக்கவில்லை. விமலேஸ்வரியும் அண்ணனை நியாயம் கேட்கப் போகவில்லை. மெசின் சார்ஜ் ஏற்றாதது கண்ணுக்கு முன்னால் தெரிகிற உண்மை. மனதுக்குள்ளே அவளும் அவரைக் கள்ளன் என்றே வைத்திருந்தாள். அதுதான் அவளுக்குப் பிறகு நெடுகவும் குத்தினது.

இப்போது அவர் நெடுங்கேணியில் இருக்கிறார். அவருடைய கடைசி மகள் சுரேகாவுக்கு ஆவணியில் கல்யாணம். கார்ட் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மூலம் வந்தது. மேலே "திரு. திருமதி ஏரம்பு குடும்பத்தினர்" என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஏரம்பு அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்கு மேலே எறிந்தார். அவள் போவதென்றால் போகட்டும், தன்னுடைய கால் அந்த முற்றத்தில் படாது என்றார்.

அந்தக் கிழமைதான் வாய்க்கால் கட்டும் மட்டமானது.

ஏரம்புவுக்குக் குடலிறக்கம் வெட்டி இரண்டு மாதம் ஆகவில்லை. பாரம் தூக்கக்கூடாது, தள்ளக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். விமலேஸ்வரிக்கு முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மகன் கனடாவில், மகள் வவுனியாவில், போன் எடுத்தால் அந்தப் பழைய இரும்பை வித்துத் துலையுங்கோ என்ற ஒரே பாட்டு. புழுதி உழவுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. மெசின் முற்றத்தில் சமதரையில் நின்றது. தள்ளுவதற்கு அயலில் நாலு ஆம்பிளைகளைக் கூப்பிட வேண்டும். ஒரு நாள் வருவார்கள், இரண்டு நாள் வருவார்கள். மூன்றாம் நாள் படலையில் இவளைக் கண்டதும் சைக்கிளைத் திருப்புவார்கள். அவளுக்கு எல்லாவற்றிலும் அலுத்துவிட்டது. தள்ளுவதிலும் அலுப்பு, கூப்பிடுவதிலும் அலுப்பு, அந்தப் புகையிலும் அலுப்பு. ஒரு காலையாவது மெசின் தன்பாட்டில் எழும்பவேண்டும், தான் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

மனிசனைக் கேட்காமலே அவள் வினோஜாவுக்குப் போன் எடுத்தாள்.

வினோஜா கிளிநொச்சியில் வாகன வயரிங் செய்கிற பெட்டை. இருபத்தாறு வயது. தொழிற்பயிற்சியில் படித்து, தானே ஒரு கொட்டில் போட்டு நடத்துகிறாள். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பெட்டியை வைத்துவிட்டு, மெசினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஏரம்பு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது டைனமோப் பிழை, செம்பு இல்லாத டைனமோ, இதை நீ என்ன செய்யப்போகிறாய் என்று அவர் தொடங்கினார். அவள் ஓம் ஐயா, ஓம் ஐயா என்று சொல்லிக்கொண்டே டைனமோவைக் கழற்றினாள். மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தாள். மீற்றரை வைத்துப் பார்த்தாள். பிறகு துணியால் கையைத் துடைத்தாள்.

"ஆர் ஐயா இதைச் சுத்தினது? இப்பிடிச் சுத்துற ஆக்கள் இப்ப இல்லை. நல்ல செம்பு."

ஏரம்பு காது கேளாதவர் போல வானத்தைப் பார்த்தார். விமலேஸ்வரி குசினி வாசலில் நின்றபடி அதைக் கேட்டாள். ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

வினோஜா அடுத்ததாகப் பற்றரிப் பெட்டிக்குப் போனாள். செத்த பற்றரி ஒன்று சும்மா அதற்குள் கிடந்தது. அதன் இரண்டு முளைகளையும் பிடித்திருந்த, வயர் நுனியிலுள்ள ஈயக் கவ்விகளை அவள் கனநேரம் பார்த்தாள். ஒரு கவ்வி கத்தியால் பிளந்து நெம்பி அகட்டப்பட்டிருந்தது. மற்றது பெரிதாய் இருந்தபடியால் உள்ளே ஒரு தகரத் துண்டு மடித்துச் செருகப்பட்டிருந்தது. பால்மா ரின் தகரம். இந்தக் கவ்வியை வெட்டினது ஆர் என்று அவள் கேட்டாள்.

அவ்வளவுதான், ஏரம்புவின் முகம் மலர்ந்தது. அவர் வாழ்க்கையில் ஆயிரம் தரம் சொன்ன கதைக்கு ஆயிரத்தோராவது ஆள் அகப்பட்டுவிட்டாள். தொண்ணூற்றாறில் ஷெல் அடி தொடங்கின அன்று அவர் தாயைக் கூட்டிவர அக்கராயனுக்குப் போயிருந்தார். மெசின் முற்றத்தில் நின்றது. பற்றரியோ றேடியோவில் செய்தி கேட்பதற்காக வீட்டுக்குள்ளே இருந்தது. ஊர் ஓடுகிறது. விமலேஸ்வரி தன்னந்தனியாகப் பற்றரியைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். கவ்வி முளைக்குப் போகவில்லை. அவள் விடவில்லை. கத்தியாலும் கல்லாலும் ஒன்றைப் பிளந்து இறுக்கினாள், மற்றதற்குத் தகரம் வைத்து இறுக்கினாள். அவர் வந்து சேரும்போது மெசின் எழும்பி இரைந்துகொண்டு நின்றது. பின்னால் கொழுவின இழுவைப் பெட்டிக்குள்ளே பிள்ளைகள், நெல் மூட்டை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறி இருந்தன. அன்றைக்கு இரவு அவர்கள் விட்டுவிட்டு வந்த வீட்டின் மேலேயே ஷெல் விழுந்தது.

"அண்டைக்கு இவள் பற்றரி கொழுவாட்டி நாங்கள் ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. வேறை பொம்பிளையள் எண்டால் அழுதுகொண்டு நிண்டிருப்பினம்" என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் விமலேஸ்வரி வெட்கப்பட்டு உள்ளே போவாள். இன்றைக்கும் போனாள், ஆனால் வெட்கத்தில் இல்லை. வினோஜா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டதை அவள் கண்டிருந்தாள்.

தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் பெட்டை குசினிக்குள் வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இப்போதைய வாகனங்களில் பற்றரியின் மைனஸ் முளைதான் எர்த், அதாவது இரும்புச் சட்டத்துக்குப் போகிறது. இந்தப் பழைய மெசினில் அது மறுவளம். பிளஸ்தான் சட்டத்துக்கு. பிளஸ் முளை மொத்தம், மைனஸ் முளை மெல்லிசு. கவ்விகளும் அந்த அளவுக்குத்தான் செய்திருக்கும், மாறிப் போடாமல் இருப்பதற்காக. மாறிப் போட்டாலும் மெசின் எழும்பும், லைற் எரியும், ஒன்றும் தெரியாது. ஆனால் டைனமோ ஒரு பக்கம் தள்ள, பற்றரி மற்றப் பக்கம் தள்ள, இரண்டுக்கும் இடையில் இருக்கிற கட்அவுட் பெட்டி எரிந்துபோகும். திறந்து பார்த்தாளாம், உள்ளே தொட்டு விலகுகிற பொயின்ற் முனை உருகி ஒழுகிக் கிடக்கிறதாம். அது முதலே எரிந்து அறுந்ததால்தான் டைனமோ தப்பியதாம். டைனமோவில் ஒரு குறையும் இல்லையாம்.

விமலேஸ்வரிக்கு அந்த நாள் அப்படியே வந்தது. றேடியோவுக்காகப் பிளஸ் முளையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மெசினில் இருந்து வந்த வயர் சிவப்பு. சிவப்புக்குச் சிவப்பு என்று அவள் கொழுவினாள். கவ்வி போகமாட்டேன் என்று நின்றது. அவள்தான் கத்தியை எடுத்தாள். மல்லாவிக்குப் போகிற வழியில் ஏதோ எரிகிற மணம் வந்ததும் ஞாபகம் வந்தது. கிளச் தேய்கிறது என்று ஏரம்பு சொன்னார்.

பிறகு கடைசிச் சண்டையில் மெசினே கைவிட்டுப் போய், உடையார்கட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்து, சண்டை முடிந்து, குவித்துக் கிடந்த வாகனங்களுக்குள்ளே எஞ்சின் நம்பரை வைத்துத் தேடி எடுத்து வந்தபோது, பற்றரி இல்லை, சீற் இல்லை. இந்த இரண்டு கவ்வியும் இருந்தன. அந்தக் கவ்வி எப்படி இருந்ததோ அப்படியே ஒவ்வொரு புதுப் பற்றரியையும் கொழுவினார்கள். இருபத்தெட்டு வருசம் தன்னுடைய நெஞ்சால் அந்த இரும்பைத் தள்ளினது தன்னுடைய கைப்பிழைக்குத்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அண்ணனை நினைத்தாள். சிரிப்பு நின்றது.

"ஐயாவுக்கு நான் சொல்லவோ அம்மா?" என்று வினோஜா கேட்டாள்.

"நீ சொல்லாதை பிள்ளை. நான் சொல்லுறன்."

சொல்லவில்லை. பெட்டை வவுனியாவிலிருந்து வேறு ஒரு கட்அவுட் எடுப்பித்து மூன்றாம் நாள் வந்தாள். பழைய கவ்விகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது பூட்டினாள். புதுப் பற்றரி ஒன்றைச் சரியான பக்கம் திருப்பி வைத்தாள். கடைசியாக ஒரு சின்ன வயரை எடுத்து டைனமோவில் ஒரு கணம் தொட்டாள். சடக்கென்று ஒரு பொறி. எந்தப் பக்கம் என்பதை டைனமோவுக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்தினால் போதும், பிறகு அது மறக்காது என்றாள். ஏரம்பு ஏறிச் சாவியைத் திருப்பினார். மெசின் ஒரே உறுமலில் எழும்பியது. சிவப்பு லைற் எரிந்து, அணைந்தது. சார்ஜ் ஏறுகிறது.

எழுபது வயதுக் கிழவன் அன்று பின்னேரம் மட்டும் பத்துத் தரம் நிறுத்தி நிறுத்திச் சாவி போட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. விமலேஸ்வரி பழைய கவ்வியைக் குப்பைக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அந்தக் கதை போய்விடும். அவளுக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே பெருமை அது. அதோடு அவள் களைத்துப்போயிருந்தாள். சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வருகிற கத்தலை, கேள்விகளை, மௌனத்தைத் தாங்குகிறதற்கு உடம்பில் வலு வேண்டும். பேசாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. வினோஜா சொல்லமாட்டாள். அண்ணன் எப்படியும் பழகியிருப்பார்.

அண்ணன் பழகியிருப்பார் என்று நினைத்த அந்த நினைப்புத்தான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பைத் தந்தது.

மறுநாள் காலை. அவள் இருபத்தெட்டு வருசத்தில் முதற்தடவையாக, மெசின் தன்பாட்டில் எழும்ப, குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தாள். ஏரம்பு மேலே இருந்தபடி சந்தோசத்தில் கத்தினார். அந்தச் செம்புக்கள்ளன் கெடுத்ததை ஒரு சின்னப் பெட்டை நிமிர்த்திப் போட்டாள் என்றார். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எழும்பிப் போய் மெசினுக்குப் பக்கத்தில் நின்று, நிற்பாட்டுங்கோ என்று கையைக் காட்டினாள். சத்தம் நின்றது.

"அண்ணை செம்பு எடுக்கேல்லை. நான்தான் பற்றரியை மாறிக் கொழுவினனான்."

முடிச்சை அவிழ்த்துக் கவ்வியைக் காட்டினாள். வினோஜா சொன்னதை முழுவதும் சொன்னாள். அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கேட்டார். அவள் காத்திருந்த கத்தல் வரவில்லை. இறங்கி உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. இரவும் அரைவாசிதான் சாப்பிட்டார். அன்றைக்கு மெசின் சமதரையில் சும்மா நின்றது.

கல்யாணத்தன்று அவள் தனியாகப் போவதற்கு எழும்பிப் பார்த்தால், முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, அவர் கதிரையில் இருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார். செருப்பைக் காலில் போட்டபடி, "அந்தக் கதையை இனி நான் ஆருக்கு எப்பிடிச் சொல்லுறது" என்றார்.

"சொல்லுங்கோ. மிச்சத்தையும் சேத்துச் சொல்லுங்கோ."

நெடுங்கேணிக்கு இரண்டு பஸ். இரண்டிலும் அவர் வெட்டின வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டு வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, இரண்டு பெட்டையள் சந்தனத்தோடும் பன்னீர்ச்செம்போடும் நின்றார்கள். பந்தலுக்குள் பழைய உருத்திரபுரத்துச் சனம் பாதி இருந்தது. இவர்களைக் கண்டதும் தலைகள் திரும்பின. ஏரம்பு வாழைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கால் வரவில்லை.

உள்ளேயிருந்து ஐயாத்துரை அண்ணை வந்தார். மெலிந்து, தலை முழுக்க வெளுத்து, கழுத்து எலும்பு தெரிய ஒரு சால்வை. பெட்டையின் கையிலிருந்து பன்னீர்ச்செம்பை வாங்கினார். ஏரம்புவின் தலையில் இரண்டு தரம் தெளித்தார்.

"பயப்பிடாமல் உள்ளை வாங்கோ மச்சான். இந்தச் செம்பு என்ரைதான்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். ஏரம்பு சிரிக்கவில்லை. பன்னீர் நெற்றியால் வழிய, செம்போடு சேர்த்து மச்சானுடைய கையைப் பிடித்தார். பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"நீர் சுத்தினது நல்ல செம்புதான். எரிஞ்சது வேறை இடத்திலை. நான்தான் ஊரெல்லாம் பிழையாச் சொல்லித் திரிஞ்சனான்."

அண்ணை தலையை ஆட்டினார். வெய்யில் ஏறுகிறது, போய் இருங்கோ என்று ஒரு கதிரையைக் காட்டினார்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சனம் கலைந்த பிறகு அண்ணை பந்தல் மூலையில் ஒரு கதிரையில் விழுந்தது போல இருந்தார். விமலேஸ்வரி கிட்டப் போனாள். சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். கவ்வியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிளந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"உன்ரை வெட்டு" என்றார். "மல்லாவியிலையே கண்டனான்."

என்னத்தைக் கண்டனீங்கள் என்று அவள் குனிந்து கேட்டாள். அவர் மெதுவாக, இளைக்க இளைக்கச் சொன்னார். ஏரம்பு அன்று மரத்துக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அவர் பற்றரிப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாராம். பார்த்ததுமே எல்லாம் தெரிந்ததாம். மூடியைத் திரும்ப மூடிவிட்டுப் போனாராம்.

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தது. அப்ப ஏன் அண்ணை சொல்லேல்லை என்று கேட்டாள்.

"அந்தாள் அண்டைக்கு நிண்ட நிலையிலை சொன்னால் அடி உனக்கெல்லோ விழும். ஒரு கிழமை போகட்டும், நீயே விளங்கிச் சொல்லுவாய் எண்டு இருந்தனான்."

அவர் கவ்வியை அவளுடைய கையில் திரும்ப வைத்து, விரல்களை மடித்து மூடினார்.

"அந்தக் கிழமைதான் பிள்ளை கொஞ்சம் நீண்டு போச்சு."